பிரிஜ் மேல் இல்லாத மாத்திரை

மம்சாபுரத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான். ஆனால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், எந்தத் தெருவிலும் அதன் சாடையைப் பார்க்கலாம். பிரிஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் மாமனாரின் சுகர் மாத்திரையும் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் இருக்கின்றன. விருந்தாளி வந்தாலும் டப்பாவை யாரும் எடுத்து ஒளிப்பதில்லை. வந்தவர் தன் பையிலிருந்து தன்னுடையதையும் எடுத்துக் காட்டி, "எனக்கு டாக்டர் ஐந்நூறு பவர் எழுதியிருக்கார்" என்று ஒப்பிட்டுப் பேசுவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குப் பிறகு இந்த இரண்டு மாத்திரைகளையும் அரசே வாசலுக்குக் கொண்டுவருகிறது.

அதே வீட்டில் மருமகளுக்கு ஒரு மாத்திரை உண்டு. அது அரிசிப் பானைக்குள், பழைய துணியில் சுற்றி இருக்கிறது. அட்டையில் பெயர் அச்சான ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாயிற்று.

நடுராத்திரியில் திடுக்கிட்டு விழிப்பு, நெஞ்சு படபடப்பு, உள்ளங்கையில் வியர்வை, பஸ்ஸில் கூட்டம் ஏறினால் மூச்சு முட்டல். முதலில் இதயம் என்று பயந்து இசிஜி எடுத்தார்கள். எல்லாம் நார்மல். பிறகு 'பயந்த கோளாறு' என்று தண்ணீர் மந்திரித்து, கையில் கயிறு கட்டினார்கள். கடைசியாகத்தான் மனநல மருத்துவர். அவரையும் வீட்டில் 'நரம்பு டாக்டர்' என்றே சொல்கிறார்கள். நரம்பு என்றால் உடம்பு. மனம் என்றால் பைத்தியம். அந்த ஒரு சொல்லுக்குள் ஊரின் தீர்ப்பு முழுக்க இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2019-இல் பதற்ற நோய்கள் உள்ளவர்கள் 30 கோடியே 10 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லி இந்தப் பெண்ணைத் தேற்ற முடியாது. அவளுக்குள் ஓடுவது கணக்கல்ல, விசாரணை. மாத்திரை போட்டால்தான் பஸ் ஏற முடியும் என்றால் தான் எப்படிப்பட்டவள்? இன்று சிரித்தது தானா, மாத்திரையா? மாமியார் இதைவிடப் பெரிய கஷ்டத்தை ஒரு மாத்திரையும் இல்லாமல் தாண்டி வந்தவர் ஆயிற்றே?

இந்த விசாரணைக்கு வழக்கமாகக் கிடைக்கும் வக்கீல் ஒருவர் உண்டு. "மூளையில் ஒரு ரசாயனம் குறைவு, சுகரில் இன்சுலின் குறைவதைப் போல" என்பது அவர் வாதம். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அது அரைகுறை உண்மை. செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் வந்த விரிவான மறுஆய்வு ஒன்று சொன்னது. பதற்ற நோய்க்குத் தரும் மாத்திரைகளில் பலவும் மனச்சோர்வு மாத்திரைகளின் குடும்பத்தவை. பலருக்கு அவை பலன் தருகின்றன, சிலருக்குத் தருவதில்லை. பலன் தரும் விதம் இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை. ஆகவே ரசாயனத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றித்தான் இந்தப் பெண்ணை விடுவிக்க வேண்டும் என்றால், சாட்சி பிறழ்ந்த நாளில் அவள் மறுபடி குற்றவாளி ஆகிவிடுவாள். அவளை முதலில் கூண்டில் ஏற்றியதே தவறு. துன்பம் தணிகிறது, தணிப்பதால் யாருக்கும் கேடில்லை என்றால் தணித்துக்கொள்ள வேறு அனுமதிச் சீட்டு எதற்கு? தலைவலித் தைலத்திடம் யாரும் இப்படிப் பூர்விகம் விசாரிப்பதில்லை.

துன்பத்தைப் பொறுப்பதே பெருமை என்ற எண்ணம் தமிழ் மரபு முழுவதற்கும் சொந்தம் என்று நினைப்பவர்கள் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வரலாம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் நோயை மறைப்பதில்லை. அருகில் நின்று நயமாக ஆறுதல் பேசுகிறவர்களைக் கடிந்துகொள்கிறாள். பேச்சை விட்டுவிட்டு, வாட்டம் தணிக்கும் பொருளைக் கொண்டுவந்து வீசவும் பூசவும் சொல்கிறாள். அவள் நோய் வேறு, கேட்ட மருந்தும் வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட அதைச் சொல்லிவிடும். ஆனால் 'தணியும் வழி இருக்கும்போது என்னிடம் ஏன் வெறும் பேச்சு?' என்று கேட்க ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்பதில் இந்த மண்ணுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

பலவீனம் என்ற குற்றச்சாட்டு இவ்வளவுதான். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை லேசாகத் தாண்டிப் போகக் கூடாது. மாத்திரை, மாற்ற வேண்டியதைச் சகிக்கப் பழக்கிவிடாதா என்பதே அது. குழுக்கடன் தவணைக்கு ஆள் வாசலில் நிற்கிறார். நூற்பாலையில் இரவு ஷிப்ட். குடித்துவிட்டு வரும் கணவன். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தியின் நெஞ்சு படபடக்கிறது என்றால் அது நோயா, சரியான கணிப்பா? வீடு தீப்பிடிக்கும்போது ஒலிக்கும் மணியை நிறுத்தினால் தீ அணைந்துவிடாதே.

இந்தச் சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டிலேயே காரணம் உண்டு. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்கள் சுமார் 100 பேரிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு ஓய்வுக்குப் பதிலாக, பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது பதற்றத்துக்கான மாத்திரை இல்லை. ஆனால் அறக் கேள்வி அதேதான். மேற்கில் 1963-இல் விற்பனைக்கு வந்த வேலியம் மாத்திரைக்கும் இப்படி ஒரு பழைய கணக்கு உண்டு: இல்லத்தரசிகளின் மனக்குறையை வாயடைக்கவா எழுதித் தந்தீர்கள் என்று பெண்ணியவாதிகள் பிற்பாடு கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆக, ஒரே மாத்திரை இரண்டு விதமாக ஒருவர் கைக்கு வரலாம். மெஷின் நிற்காமலிருக்க மேஸ்திரி நீட்டுவது ஒன்று. என்ன மருந்து, எத்தனை நாள், என்ன செய்யும் என்று தெரிந்து, தான் பஸ் ஏற வேண்டும் என்பதற்காகத் தானே எடுத்துக்கொள்வது மற்றொன்று. யாருடைய தேவைக்கு, யாருடைய அறிவோடு என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே வர வேண்டும். தீமணி உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. ராத்திரி முழுக்க மணி காதுக்குள் அலறினால் வாளி எடுக்கக் கையே வராது. தூங்கி எழுந்தவள்தான் மறுநாள் கடன்காரரிடம் தவணைக்கு நாள் கேட்கவோ, அம்மா வீட்டுக்கு பஸ் ஏறவோ முடியும்.

மறுப்பவர்களுக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களில் பெரும்பாலோர் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். மாத்திரையை நம்பாமல், அல்லது மாத்திரை எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், அங்குள்ள தர்காவின் பிரார்த்தனையை மட்டும் நம்பியவர்கள். பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே தரும் ஏற்பாடு வந்தது. கயிறு கட்டியிருக்கும் கை மாத்திரையையும் எடுக்கலாம் என்பதை அந்த ஏற்பாடு நம்பிக்கைத் துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மீண்டும் அரிசிப் பானைக்கு. அங்கே ஒளிந்திருப்பதால் விளையும் கேடு வெட்கத்தோடு நிற்பதில்லை. பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகள் பொதுவாக இரண்டு வகை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை மெல்ல வேலை செய்பவை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் சில நாளில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். குளோனசெபாம், அல்பிரசோலம் போன்றவை அரை மணி, ஒரு மணியில் அடக்கிவிடும். வாரக்கணக்கில் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஒளித்துச் சாப்பிடுகிறவருக்கு இதை விளக்கிச் சொல்ல ஆளில்லை. மாமியார் பானையைத் துழாவிய வாரத்தில் மருமகள் மாத்திரையை நிறுத்துகிறாள். தலை சுற்றுகிறது, மண்டைக்குள் கரண்ட் அடித்தாற்போல இருக்கிறது, பழைய பயம் இரண்டு மடங்காகத் திரும்புகிறது. "பார்த்தியா, அடிமையாக்கிவிட்டது" என்கிறது வீடு. படிப்படியாகக் குறைக்க வேண்டியதைச் சட்டென்று நிறுத்தியதன் விளைவு அது என்று யாருக்கும் தெரியாது. இன்னொருத்தி பழைய சீட்டை வைத்தே வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை வாங்குகிறாள். டாக்டரிடம் திரும்பப் போனால் பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்துவிடுவார்களே.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகள் தாங்கும் காரியமாகச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். பானைக்குள் மாத்திரை போன வீட்டில் நான்காமவர் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றர் இருக்கிறார். அறக் குறை எங்கே என்று தேடினால் அங்கேதான் விரலை நீட்ட வேண்டும்.

அப்படியானால் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டுமா? மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று தெரிந்த ஊரில் அந்த உரிமை பெரிய விஷயம். கல்யாணப் பேச்சின்போது மட்டும் கணக்கு கடினமாகிறது. கூட வாழப்போகிறவருக்குச் சொல்லாமலிருப்பது நியாயமில்லை. அவரிடம் சொன்னது மறுநாள் சம்பந்தி வீட்டுத் திண்ணையில் விசாரணைக்கு வந்துவிடும் என்றால், சொல்லாமலிருந்தவள்மேல் மட்டும் பழிபோடவும் முடியாது. சுகர் இருக்கும் மாப்பிள்ளை அதைச் சொல்லும் அளவுக்கு அவளாலும் சொல்ல முடிகிற வரை இந்தக் கடன் இரண்டு தரப்பிலும் பாக்கி.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் இரவு பகலாகத் தறி ஓடுகிறது. அங்கே நெய்வது சேலை இல்லை; காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. லாரி லாரியாகப் போகிறது. அந்தத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு எதிரே வருகிறவரைப் பார்த்தால், மம்சாபுரத்தில் யாரும் "என்ன ஆச்சு?" என்று கேட்காமல் தாண்டிப் போவதில்லை.