எடுக்கப்படாதவரின் தகுதி

அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டக்காரர்களை மனத்தளவில் தம் அணிக்குச் சேர்த்து, மெய்யான ஆட்டங்களில் அவர்கள் ஈட்டுவதைத் தம் கணக்கில் வைத்துப் போட்டியிடும் கற்பனைக் கூடைப்பந்து ரசிகர்கள், எவரும் எடுக்காது விட்ட ஒரு சென்டர் ஆட்டக்காரரைக் கண்டெடுக்கும்போது எழுவது புராதனமான தத்துவ வினாவே: அவருடைய தகுதி முன்பே இருந்ததா, தேர்ந்த கணத்தில் பிறந்ததா?

ஹசன் வைட்சைடை எண்ணிப் பாருங்கள். 2010-இல் சாக்ரமெண்டோ அணி 33-ஆவது ஆளாகத் தேர்ந்து, பின்னர் கைவிட்டுவிட, லெபனானிலும் சீனத்திலும் ஆடித் திரிந்த அவர், 2014 நவம்பரில் மயாமி அணியில் இடம் பெற்று, 2015 ஜனவரியில் சிகாகோவுக்கு எதிரே ஒரே ஆட்டத்தில் 14 புள்ளிகளும் 13 ரீபவுண்டுகளும் 12 தடுப்புகளும் குவித்தார். ஏழடி உயரமும் நீண்ட கரங்களும் அன்று புதிதாய் முளைத்தவை அல்லவே!

எள்ளில் எண்ணெய் முன்பே உண்டு என்னும் சாங்கியரின் சற்காரியவாதம் இங்கே பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், செக்கின்றி எண்ணெய் வெளிப்படுவதில்லை ஆதலால், நிமித்த காரணமாகிய வாய்ப்பை அற்பமென்று தள்ளிவிடவும் இயலாது. கண்டெடுத்த ரசிகரோ தகுதி, வாய்ப்பு ஆகிய இரண்டில் எதையும் அளித்தவரல்லர். அவர் செய்தது தரிசனம் மட்டுமே. அடுத்த 2015-16 பருவத்தில், ஆட்டமொன்றுக்குச் சராசரி 3.7 தடுப்புகளுடன், என்.பி.ஏ. முழுமையிலும் வைட்சைடே முதல்வராக நின்றார்.