திருப்பிப் பார்க்கும் கை

செய்த வேலையில் உள்ள குறையைச் செய்தவனே எடுத்துச் சொல்ல வேண்டுமா? சொன்னால் கூலி குறையும். சொல்லாவிட்டால் மனம் உறுத்தும். இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் நீதி நூல்களைப் புரட்டியதில்லை. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து வீடு ஒன்றின் திண்ணையில் அது தானாகவே என் முன்னால் வந்து உட்கார்ந்தது.

அன்று அமாவாசை, தறிகளுக்கு ஓய்வு நாள். ஒரு கதைக்காகத் தறி வேலையைத் தெரிந்துகொள்ளலாம் என்று போயிருந்த எனக்கு, தறி ஓடாத நாளில் வந்துவிட்டோமே என்று முதலில் ஏமாற்றந்தான். ஆனால் நான் பார்க்க வேண்டியது அன்றைக்குத்தான் இருந்தது.

திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். மறுநாள் சங்கத்தில் கொடுக்க வேண்டிய சேலைகளை மடியில் வைத்திருந்தார்கள். ஒருவர் தம் சேலையைப் பிரித்தால் மற்றவர்கள் அதைக் கைமாற்றி வாங்கிப் பார்ப்பார்கள். கடைக்குப் போகும் நாம் என்ன செய்வோம்? நிறத்தைப் பார்ப்போம், முந்தானையை விரிப்போம், விலையைக் கேட்போம். அவர்கள் செய்த முதல் காரியம், சேலையை மறுபுறம் திருப்பியதுதான்! முகம் எல்லோருக்கும் சிரிக்கும். தொழில் தெரிந்தவனுக்கு முதுகுதான் பேசும் போலும்.

ஒருவர், ஐம்பது வயதிருக்கும், அரக்குக் கரை வைத்த பச்சைச் சேலையைப் பிரித்தார். எல்லோரும் "நல்லாயிருக்கு" என்றார்கள். அவரோ ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்கே பாருங்க மாமா, நாலு விரல் நீளத்துக்குக் கோர்வை சரியில்லை" என்று பக்கத்தில் இருந்த பெரியவரிடம் காட்டினார்.

கோர்வை என்பது காஞ்சிபுரத்தின் பெருமை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு முறை ஊடை ஓடும்போதும் உடலின் நூலும் கரையின் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; தறியில் இருப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேருடைய கையும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். இவருக்கு வழக்கமாகக் கை கொடுப்பவர் அவருடைய மனைவி. அந்த அம்மாளுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மகன் உட்கார்ந்தான். அந்த நாலு விரல் நீளம், காய்ச்சல் கண்ட இரண்டு நாட்களின் அடையாளம்.

பெரியவர் அந்த இடத்தை இரு கட்டை விரல்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, "நூல் கோத்துத்தான் இருக்கு. பையன் இழுப்பு இறுக்கம். கையைத் தளர்த்தச் சொல்லு, தம்பி" என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை.

நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "நாளைக்குச் சங்கத்திலும் இதைச் சொல்வீர்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டா சொல்லுவேன், சார்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு நேரம் நான் வியந்த நேர்மை, கூலி என்றதும் பாதியாகிவிட்டதே! பாஸ்டன் நகரில் 1922-ம் ஆண்டு தொடங்கிய கைநெசவாளர் சங்கம் ஒன்று இன்றும் நடந்து வருகிறது. மகிழ்ச்சிக்காக நெய்கிறவர்கள் பலர் கூடும் அத்தகைய சங்கங்களில், அண்மையில் நெய்ததைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் காட்டுவது வழக்கம். அங்கே குறையைக் காட்டினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் அப்படியா? அளந்து, எடை போட்டு, குறை கண்டால் கூலியில் பிடிக்கும் இடத்துக்கு அந்தச் சேலை போக வேண்டும். சோற்றுக்கு நெய்கிறவனிடம் நாம் கேட்கும் நேர்மைக்கு விலை அதிகம். இதை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி என் முகத்தைப் படித்துவிட்டாள். "ஐயா, இதைக் கட்டிக்கிற பொண்ணுக்கு இது கிழியுமா? கிழியாது. கிழியற மாதிரி இருந்தா ராத்திரியோட ராத்திரியா அறுத்துப் பிரிச்சிருப்போம். கிழியற தப்பு வேற, உறுத்தற தப்பு வேற" என்றாள்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். குறைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. வெள்ளி இழைத்துப் பொன் முலாம் பூசிய ஜரிகை என்று சொல்லிச் செம்பு ஜரிகையைக் கொடுப்பதும், விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பதும் வாங்குகிறவளுக்குச் செய்யும் துரோகம். அதைச் சொல்லாமல் மறைக்க எந்த வறுமையும் நியாயமாகாது. 1985-ல் சட்டம் செய்து சில ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்க வேண்டி வந்ததே, அதன் பிறகும் இந்த ஏமாற்று நின்றபாடில்லை. அந்தக் கடன் வாங்குகிறவளுக்குச் சேர வேண்டிய கடன். நாலு விரல் நீள உறுத்தல் வேறொரு கடன். அதை அறிந்தவர்களுக்குத்தான் தீர்க்க முடியும். அறியாதவரிடம் சொன்னால் பரிதாபமோ அபராதமோ கிடைக்கும். அறிந்தவரிடம் சொன்னால் "கையைத் தளர்த்து" என்ற ஒரு வார்த்தை கிடைக்கும். அந்த வார்த்தையில் அடுத்த சேலை திருந்திவிடும்.

எந்தக் குறை எந்த ஜாதி என்று யார் தீர்ப்புச் சொல்வது? இங்கேதான் ஆபத்து. தனியே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் ஒவ்வொருவனுக்கும் தன் கிழிசல் வெறும் உறுத்தலாகத்தான் தெரியும். அதனால்தான் அந்தப் பெரியவரின் இரண்டு கட்டை விரல்கள் தேவைப்படுகின்றன. கூடி உட்கார்ந்து காட்டிக்கொள்ளும் அந்தத் திண்ணை, பெருமை அடித்துக்கொள்ளும் இடம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு நியாயஸ்தலம்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். முடிக்க வேண்டிய வாரம் நெருங்கியது, முடிச்சு அவிழவில்லை. கதாநாயகியின் தம்பியைக் கொன்றுவிட்டேன். அவன் சாக வேண்டிய அவசியம் கதையில் இல்லை. பக்கக் கணக்கில்தான் இருந்தது. வாசகர்கள் அழுது கடிதம் எழுதினார்கள். நானும் நன்றி தெரிவித்துப் பதில் போட்டேன். எழுத்தாள நண்பர்கள் கூடும்போது அவரவர் புத்தகத்தின் அட்டையைக் காட்டிக்கொள்வோம், பாராட்டிக்கொள்வோம். ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அந்தத் தம்பியின் மரணம் கிழிசலா, உறுத்தலா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இழுத்துப் பார்க்கச் சொல்லி நான் அதை யார் கையிலும் கொடுத்ததில்லை.