பாதிப் போர்வையில் பிறந்த சொல்



கொத்மலைத் தோட்டங்களில் லயங்களுக்கு அருகே நிற்கும் சிறிய வழிபாட்டிடத்தைச் சிற்றாலயம் என்கிறோம். பேச்சில் 'சாப்பல்' என்போரும் உண்டு. அச்சொல் எங்கிருந்து வந்தது? ஓசை ஒத்திருப்பதால் 'செபம்' என்பதிலிருந்து வந்ததென்று சிலர் எண்ணக்கூடும். இரண்டுக்கும் உறவில்லை. செபம் வடமொழி 'ஜபம்'. சாப்பலோ 'கப்பெல்லா' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அதன் பொருள் சிறிய மேலங்கி, போர்வை.

போர்வை ஆலயமானது எப்படி?

நான்காம் நூற்றாண்டில் உரோமைப் படைவீரராயிருந்த மார்ட்டின், இன்றைய பிரான்சிலுள்ள அமியேன் நகர வாசலில், கடுங்குளிரில் ஆடையின்றி நடுங்கிய ஏழை ஒருவனைக் கண்டார். மற்றவற்றை முன்பே பிறருக்குக் கொடுத்துவிட்டதால் அவரிடம் மேலங்கி மட்டுமே இருந்தது. அதை வாளால் இரண்டாக வெட்டி, பாதியை ஏழைக்குப் போர்த்தி, மறுபாதியைத் தாம் அணிந்துகொண்டார். கண்டவர் சிலர் நகைத்தனர். அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதி அங்கியோடு தோன்றினார் என்று சுல்பீசியுஸ் செவேருஸ் அவரது வரலாற்றில் எழுதியுள்ளார். மார்ட்டின் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை.

பின்னாளில் தூர் நகர ஆயராகி, 397இல் அவர் இறந்தார். அவருடையதெனப் போற்றப்பட்ட அங்கியைப் பிராங்கு அரசர்கள் போர்க்களத்துக்கும் கொண்டு சென்றனர். அது வைக்கப்பட்ட இடம் 'கப்பெல்லா' எனப் பெயர் பெற்றது. அப்பெயரே பிற சிறு ஆலயங்களுக்கும் பரவியது. 2025இல் பாப்பரசர் பதினான்காம் லியோ தெரிவுசெய்யப்பட்ட சிஸ்டைன் சிற்றாலயத்துக்கும், தகரக்கூரை போட்ட தோட்டத்துச் சிற்றாலயத்துக்கும் இச்சொல் பொது.

'கோயில்' என்ற நம் தமிழ்ச் சொல்லில் அரசனின் மாளிகை இருக்கிறது. சாப்பலில் ஏழையின் குளிர் இருக்கிறது. கம்பளி போர்த்தி மழையில் கொழுந்தெடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்தக் குளிரை விளக்க வேண்டியதில்லை.

இங்கே நம் மனச்சாட்சிக்கு ஒரு கேள்வி. மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவில், லயத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு வெளியேறினால் சிற்றாலயக் கதவு திறக்குமா? திருப்பலி நிறைவேறும் இடத்தில் பாய் விரிக்கலாமா, பிற சமயத்தவரையும் தங்கவைக்கலாமா என்று பக்தியுள்ளவர்கள் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்தை இகழக்கூடாது. புனித இடத்தில் வழிபாட்டுக்கு உதவுவதே நடைபெறவேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். ஆனால் அதே விதி, இடத்தின் புனிதத்துக்கு முரணாகாத வேறு பயன்பாட்டைத் தனித்தனிச் சந்தர்ப்பங்களில் அனுமதிக்க ஆயருக்கு இடமளிக்கிறது.

நடுங்கும் குழந்தைக்கு இடம் கொடுப்பது புனிதத்துக்கு முரணா? ஏழைக்குப் போர்த்தப்பட்டதாலேயே அந்த அங்கிக்கு மதிப்பு வந்தது. மார்ட்டின் போர்த்துமுன் அவனது சமயத்தை விசாரிக்கவுமில்லை. அவர் பாதியைத் தமக்கென வைத்துக்கொண்டதும் நமக்குப் பாடம். நற்கருணைக்குரிய வணக்கத்தைக் காப்பதும் அயலவனுக்குக் கதவைத் திறப்பதும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை.

ஆகவே, மழைக்கு முன்பே உங்கள் பங்குக் குருவோடு கூடிப் பேசுங்கள். சிற்றாலயம் நிற்கும் நிலம் பாதுகாப்பானதா? இரவில் சாவி யாரிடம்? நற்கருணைப் பேழை இருந்தால் அதை எவ்வாறு காப்பது? புனித மார்ட்டினின் திருநாள் நவம்பர் 11. அந்நாள் வருமுன் இக்கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால், நம் சிற்றாலயம் தன் பெயருக்கு ஏற்றதாக நிற்கும்.