எல்லைகளும் அறமும்

பயணம் அறிவை விரிவாக்கும் என்பது நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின், காண விரும்பும் யாவற்றையும் காண்பதற்குப் பயணிக்கு உரிமை உண்டா? அவ்வுரிமைக்கு வகுக்கப்படும் எல்லை எப்போது அறமாகின்றது? இமயத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்த பூட்டான் இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

1974ஆம் ஆண்டிலேயே உல்லாசப் பயணிகளுக்கு வாயிலைத் திறந்த இச்சிறு நாட்டில், மேற்கே ஹாவிலிருந்து கிழக்கே திரஷிகாங் வரை 403 கிலோமீற்றர் நீளும் பண்டைய நடைபாதை ஒன்று உண்டு. 1960களில் மோட்டார் வீதிகள் வந்ததும் வழக்கொழிந்த அப்பாதை, செப்பனிடப்பட்டு 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. முன்னர் யாத்திரிகரும் தூதுவரும் நடந்த வழியில் இன்று வெளிநாட்டவரும் காட்டையும் வயலையும் மடாலயங்களையும் கண்டு நடக்கின்றனர்.

எனினும், அவர்கள் ஏற முடியாத இடம் உண்டு. 7,570 மீற்றர் உயரமான கங்கர் புவென்சும், மனிதர் ஏறாத மலைகளுள் உலகிலேயே மிக உயர்ந்ததாகக் கருதப்படுவது. 1994இல் 6,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைகளில் ஏறுவதும், 2003இல் மலையேற்றம் முழுவதும் தடைசெய்யப்பட்டன. சிகரங்கள் தெய்வங்களின் உறைவிடம் என்னும் மக்கள் நம்பிக்கை இத்தடைக்கு முக்கிய காரணமாகும். இது செல்வனுக்கும் வறியவனுக்கும், அந்நியனுக்கும் குடிமகனுக்கும் பொதுவானது. அந்நம்பிக்கை இல்லாதவனும் அதனை மதித்து அடிவாரத்தில் நிற்பதில் இழிவில்லை.

இரண்டாவது எல்லை கட்டணமாகும். வெளிநாட்டவருட் பலர் நாளொன்றுக்குச் செலுத்தவேண்டிய தொகை 2022இல் 200 அமெரிக்க டொலராகவும், 2023இல் 100 டொலராகவும் நிர்ணயிக்கப்பட்டது. பயணிகள் கூட்டத்தால் கிராமங்கள் நசுங்காமற் காப்பதற்கு இது வேண்டும் என்பர். அதில் உண்மையுண்டு. ஆயின், கட்டணம் பயணியின் பணத்தை அளக்கின்றதேயன்றி அவனது பணிவை அளக்கவில்லை. தொகையைக் குறைப்பதே நோக்கமாயின், விண்ணப்பித்தோரை முறைவரிசைப்படி அனுமதித்தும் குறைக்கலாம்.

மூன்றாவது எல்லை பயணியின் கண்ணிற் படாதது. 1989இல் தேசிய உடையும் ஆசார முறைகளும் அரச ஆணையால் குடிமக்கள் யாவர்க்கும் விதிக்கப்பட்டன. பாடசாலைகளில் நேபாளி மொழி கற்பித்தல் நிறுத்தப்பட்டது. 1990களில், தென்பகுதியில் வாழ்ந்த நேபாளி மொழி பேசுவோருள் ஓரிலட்சம் பேரளவில் நாட்டைவிட்டு அகன்று கிழக்கு நேபாளத்தின் அகதி முகாம்களை அடைந்தனர். அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் என்றது அரசு. குடியுரிமை பறித்துத் துரத்தப்பட்டோம் என்றனர் அவர்கள். 2007இன் பின் அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளிற் குடியமர்த்தப்பட்டனர். பயணி வியந்து நோக்கும் கலப்பற்ற பண்பாட்டுக் காட்சியில் இம்மக்களின் இன்மையும் அடங்கியுள்ளது.

மூன்று எல்லைகளுக்கும் பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற ஒரே நியாயம் கூறப்படுகின்றது. ஆனால் முதலாவது யாவரையும் ஒப்ப நிறுத்துகின்றது. இரண்டாவது வறியவனை நிறுத்துகின்றது. மூன்றாவது அம்மண்ணிற் பிறந்தவனையே வெளியே நிறுத்துகின்றது. விதித்தவனையும் கட்டுப்படுத்தும் எல்லையே அறத்தின்பாற்பட்டது. பிறரை மட்டும் கட்டுப்படுத்துவது, எத்துணை அழகிய பெயர் பெறினும், அதிகாரமேயாகும்.

இதனால் அந்நாட்டுக்குச் செல்லலாகாது என்பது பொருளன்று. மலையின்முன் தலைவணங்கக் கற்ற பயணி, அம்மலை நாட்டில் இன்று இல்லாதோர் யாவர் என்று கேட்கவும் கற்கவேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கும் பயணம் காட்சியின்பமாகலாம், அறிவாகாது.