தலதா மாளிகைக்குள் ஒரு சைவர்

யாழ்ப்பாணத்தில் அளவெட்டியிலோ மல்லாகத்திலோ பள்ளிக்கூட விடுமுறைக்கு நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வான் பிடித்து மலைநாட்டுக்குப் போகத் திட்டம் போட்டால், அது அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். கும்பழாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு விடியப்புறம் வெளிக்கிடுவது, முறிகண்டியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்குவது, மாத்தளை முத்துமாரியம்மன், கண்டி, பிறகு இறம்பொடை ஆஞ்சநேயர், நுவரெலியா, சீதா எலிய. யாரும் சொல்லாமலே இந்த இடங்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. ஒன்று கும்பிடும் இடம், மற்றது பார்க்கும் இடம். மாத்தளை அம்மன் முதல் வகை, பேராதனைப் பூங்கா இரண்டாவது. தலதா மாளிகை? அதையும் பூங்காவோடு சேர்த்து இரண்டாவதில் போட்டுவிடுகிறோம். அரண்மனை, ஏரி, மாளிகை, பூந்தோட்டம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாடு எங்கே என்ற பேச்சுக்குப் போய்விடுகிறோம். இந்தப் பிரிப்பு சரிதானா? பௌத்தர்கள் உயிராக மதிக்கும் ஓரிடத்தில் ஒரு சைவர், வழிபடுபவராகவும் இல்லாமல் வேடிக்கை பார்ப்பவராகவும் இல்லாமல் நிற்க வழி உண்டா? உண்டு. அவர் விருந்தாளியாக நிற்கலாம். அதற்கான நியாயம் நமது சமய மரபுக்குள்ளேயே இருக்கிறது.

கண்டிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கண்டி அரசன் நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த அவனுடைய பட்டத்தரசியின் சகோதரன் அரியணை ஏறினான். அன்று தொடங்கி 1815 வரை அந்த நகரை ஆண்ட நால்வரும் நாயக்கர்கள். அவர்களில் இரண்டாமவன் கீர்த்தி சிறீ இராஜசிங்கன், 1747 முதல் 1782 வரை ஆண்டவன். இலங்கையில் பிக்குகளின் உபசம்பதா என்ற முழுத் துறவு மரபு அற்றுப்போயிருந்த காலம் அது. வெலிவிட்ட சரணங்கரரின் முயற்சிக்குத் துணைநின்று, 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து அந்த மரபை மீட்டவன் அவன்தான். அதுவரை நான்கு தேவாலயங்களுக்கு உரியதாக இருந்த எசல பெரகரா ஊர்வலத்தில், சியாம் பிக்குகளின் முறைப்பாட்டுக்குப் பிறகு, மாளிகையில் உள்ள புத்தரின் புனித தந்தத்தை முன்னுக்குக் கொண்டுவந்தவனும் அவனே. ஆனால் இதே அரசனைக் கொல்ல 1760இல் சதி நடந்தது. அரசன் நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்பது அவன்மேல் இருந்த மனக்குறைகளில் ஒன்று. அவன் செய்ததெல்லாம் அரியணையைக் காப்பாற்றும் தந்திரம் என்று தள்ளிவிடுவது சுலபம். தந்திரமும் இருந்திருக்கும், அரசனிடம் அது இல்லாவிட்டால்தான் அதிசயம். ஆயினும் வெறும் தந்திரக்காரன் முதலில் அழித்திருக்க வேண்டியது அந்தத் திருநீற்றைத்தான். தன்னுடையதை விடாமலே மற்றவருடையதைப் பேண முடியும் என்பதற்கு, உள்நோக்கம் எதுவாக இருந்தாலும், அவனுடைய முப்பத்தைந்து ஆண்டு ஆட்சி சான்று.

மாளிகையைச் சுற்றி நிற்கும் அந்த நான்கு தேவாலயங்களையும் நமது வான்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என்ற நால்வரில் பத்தினி நம்முடைய கண்ணகி. யாழ்ப்பாணத்தில் கண்ணகிக்கு என்ன நடந்தது என்பதை இங்கே நினைக்கத்தான் வேண்டும். ஆறுமுக நாவலர் ஆகமத்துக்கு ஒவ்வாத வழிபாடு என்று அதைக் கண்டித்தார். அவருடைய சீர்திருத்தத்தின் வேகத்தில் எத்தனையோ கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. நாவலரின் பணியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மிஷன் பாடசாலைகளின் நடுவில் சைவம் நிமிர்ந்து நின்றதற்கு அவர் பெருங்காரணம். ஆனால் நாம் வாசலுக்கு வெளியே விட்ட தாயை, கண்டியின் பௌத்தர்கள் தங்கள் நகரின் காவல் தெய்வங்களில் ஒருத்தியாக வைத்து ஆண்டுதோறும் யானையோடு ஊர்வலம் விடுகிறார்கள். எது நமது, எது பிறரது என்ற கோடு நாம் நினைக்கிற இடத்தில் ஓடவில்லை. அளவெட்டிக்காரர் இதைத் தெரிந்துகொள்ளக் கண்டி வரைக்கும்கூடப் போகத் தேவையில்லை. சில கிலோமீற்றர் தூரத்தில், கந்தரோடையில், சுண்ணக்கல்லில் கட்டிய சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. தமிழ் பேசிய பௌத்தர் நமது மூதாதையரில் இருந்தார்கள் என்பதற்கு மணிமேகலை என்ற காப்பியமே போதும்.

வரலாற்றை விட்டுச் சாத்திரத்துக்கு வருவோம். அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான சாக்கியர், காஞ்சிபுரத்தில் பௌத்த நூல்களைக் கற்றுப் பௌத்த வேடம் பூண்டவர். பின்னர் சிவமே பொருள் என்று தெளிந்தார். தெளிந்த பிறகும் காவியைக் களையவில்லை. அந்தக் கோலத்தோடே நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டே உண்டார். அந்தக் கல்லை மலராக ஏற்றான் இறைவன் என்கிறது பெரியபுராணம். புற வேடமும் செயலின் தோற்றமும் அல்ல, உள்ளிருக்கும் அன்பே கணக்கு என்று சேக்கிழார் இதைவிடத் துணிவாகச் சொல்லியிருக்க முடியாது. அடுத்தது சிவஞான சித்தியார். அருணந்தி சிவாசாரியார் அதன் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுக்கிறார். அதே ஆசிரியர் அதே நூலின் சுபக்கத்தில், எந்தத் தெய்வத்தை ஒருவர் வழிபட்டாலும் அந்தத் தெய்வமாகி வந்து அருளுபவன் சிவனே என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொள்கையில் விட்டுக்கொடுப்பு இல்லை. வழிபடுகிறவனை இகழவும் இடமில்லை. விருந்தாளி நிற்க வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இதற்கு வலுவான மறுப்பு சைவத்துக்குள்ளேயே உண்டு. திருஞானசம்பந்தர் பதிகம் தோறும் பத்தாம் பாட்டில் சமணரையும் சாக்கியரையும் சாடினார். மாணிக்கவாசகர் தில்லையில் ஈழத்துப் பௌத்தரோடு வாதிட்டு வென்றதாகவும், ஈழ மன்னனின் ஊமை மகளைப் பேசவைத்ததாகவும் திருவாதவூரர் புராணம் சொல்கிறது. நமது மரபு பௌத்தரோடு வாதம் செய்தது, அவர்கள் வீட்டில் விருந்துண்ணவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் வாதம் என்பது என்ன? எதிரே இருப்பவரின் கொள்கையைக் காது கொடுத்துக் கேட்டு, அது உண்மையாக இருந்தால் தன் கொள்கை விழும் என்று ஒப்புக்கொண்டு உட்காருவது. அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. மாளிகையில் தந்தப் பேழைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டு, இது என்ன என்றுகூடக் கேளாமல் அடுத்த இடத்துக்குப் போகிறவர் வாதிடவுமில்லை, வணங்கவுமில்லை. பௌத்தம் பொய் என்று நிறுவ முனைந்த அருணந்தி சிவாசாரியார், அதைக் காட்சிப்பொருளாக்கும் நம்மைவிட அதற்கு அதிகம் மதிப்புக் கொடுத்தவர். சம்பந்தரின் பெயரால் தலதா மாளிகையைத் தவிர்ப்பவரை நான் மதிக்கிறேன். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அங்கே வேடிக்கை பார்க்கப் போவதற்குத்தான் நியாயம் கிடையாது.

விருந்தாளியாக நிற்பது நடைமுறையில் என்ன? பூசை நேரத்தில் கீழ்த்தளத்து மண்டபத்தில் ஹேவிசி ஒலிக்கும். தவுல, தம்மெட்டம, கூடவே ஹொரணை என்ற குழல். தவில் மேதை தட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் பத்மநாதனும் வாழ்ந்த அளவெட்டியின் காதுக்கு இவை அந்நியமாக இரா. தவுலவின் பீப்பாய் உடலையும், ஒரு பக்கம் கம்பும் மறுபக்கம் கையுமாக அடிப்பதையும் பார்த்தால் தவிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத் தோன்றும். மேல்மாடியில், வெள்ளை உடுத்தவர்கள் தாமரையும் அல்லியும் ஏந்தி நிரையாக நகர்வார்கள். திறந்த கதவுக்கு அப்பால் தெரிவது தாதுகோபுர வடிவான பொற்பேழை மட்டுமே. பேழைக்குள் பேழையாக உள்ளே இருக்கும் தந்தம் யாருக்கும் தெரியாது. தாண்டிப்போகக் கிடைப்பது சில நொடி. அந்தச் சில நொடியில் கை கூப்புவதா? கூப்பினால் தப்பில்லை என்றே நினைக்கிறேன். நாம் பெரியவருக்கும் கூப்புகிறோம், கல்யாண வாசலில் வருகிறவருக்கும் கூப்புகிறோம். கூப்பிய கை கொள்கைக்கு இட்ட கையொப்பம் ஆகாது. மனம் ஒப்பாதவர் தலையைத் தாழ்த்தி ஒதுங்கி நடக்கலாம். நல்லூரில் எத்தனை பெரிய பதவிக்காரரும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முருகனை நம்பு என்று அவரிடம் கேட்பதில்லை. வீட்டு முறையைக் கைக்கொள் என்று மட்டும் கேட்கிறோம். கண்டியில் நம்மிடம் கேட்கப்படுவதும் அவ்வளவே.

இனி, எங்கள் ஊர்களில் உண்மையில் பேசப்படும் மறுப்புக்கு வருகிறேன். சாத்திரம் எல்லாம் சரி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று 1972இலும் 1978இலும் அரசியலமைப்பில் எழுதிவைத்த நாட்டில், தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை எழுந்து நிற்கிறது என்று சொந்தக்காரர்கள் போயா தினங்களில் வீதியில் நின்று போராடும்போது, அந்த அதிகாரத்தின் அடையாளமான மாளிகைக்கு நாம் விருந்தாளியாகப் போவதா? இந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அளவெட்டியிலிருந்து தையிட்டி கூப்பிடு தூரம் போலத்தான். ஆனால் தையிட்டியில் நடந்தது ஏன் பிழை? அங்கே வைத்தது புத்தர் சிலை என்பதாலா, கேளாமல் அடுத்தவர் காணிக்குள் வந்ததாலா? இரண்டாவது என்றால், விருந்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை நாமே முன்வைக்கிறோம். வீட்டுக்காரர் முறைப்படி வருகிறவன் விருந்தாளி, முறையை மீறிக் குந்திக்கொள்பவன் வேறு. கண்டியில் அந்த ஒழுங்கைக் கைக்கொள்கிறவரின் வாயிலிருந்து வரும்போது தையிட்டி முறைப்பாட்டுக்கு எடை கூடுமே தவிரக் குறையாது. நயினாதீவுக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர் பலர் நாகவிகாரையோடு நிறுத்தாமல் நாகபூஷணி அம்மனிடமும் வந்து வணங்கிப் போகிறார்கள். அவர்களை நாம் படையெடுப்பாகப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1998 தை 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் லொறிக் குண்டு அந்த மாளிகை வாசலில் வெடித்து, பொதுமக்கள் இறந்தார்கள். இன்றும் வாசலில் சோதனை உண்டு, யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைப் பார்த்ததும் ஒரு கணம் கூடுதலாக நிமிரும் கண்களும் இருக்கலாம். தான் செய்யாததற்கு மன்னிப்புக் கேட்கும் கடமை விருந்தாளிக்கு இல்லை. எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தையும் குண்டு விழுந்த நவாலித் தேவாலயத்தையும் மறந்துவிடும் கடமையும் இல்லை. அந்த வாசலில் இறந்தவர்களும் கும்பிட வந்தவர்கள், வாசலில் நின்றவர்கள் என்பதை மனதில் வைத்திருந்தால் போதும்.

அரண்மனையையும் ஏரியையும் பற்றிச் சுருக்கமாக. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 அளவில் வயல் நிலத்தை மறித்து ஏரி கட்டினான், தேவேந்திர மூலாச்சாரியைக் கொண்டு எண்கோண மண்டபம் எழுப்பினான். உழைத்தவர்கள் இராஜகாரிய முறையில் இழுத்துவரப்பட்ட குடியானவர்கள். 1815இல் தன் பிரதானிகளே கைவிட்டு, ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து 1832இல் அவன் இறந்தான். நம்மவன் என்று அவனுக்காகக் கண்ணீர் விடுபவர் தனக்கு எதிராகத் திரும்பிய பிரதானி எஹலப்பொலையின் பிள்ளைகளை அவன் கொல்வித்ததையும் படிக்க வேண்டும். பேராதனைப் பூங்காவும் ஒருகாலத்தில் அரச தோட்டம். 1821இல் அலெக்சாண்டர் மூன் அதைத் தாவரவியல் பூங்காவாக்கினார். அங்கே இந்தக் கவலையெல்லாம் வேண்டாம். உலகையும் அதிலுள்ள அனுபவங்களையும் உயிர்கள் பக்குவப்பட இறைவன் தந்தவை என்றே சைவ சித்தாந்தம் சொல்கிறது. மாயத்தோற்றம் என்று தள்ளவில்லை. மகாவலி வளைத்து ஓடும் அந்தப் புல்வெளியில் பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர்கள் ஓர்க்கிட் வீட்டைப் பார்க்கட்டும், நிரையாக நட்ட பனைகளைக் காசு கொடுத்துப் பார்க்கும் யாழ்ப்பாணத்தார் தங்களைத் தாங்களே நக்கலடிக்கட்டும். எல்லாவற்றையும் வழிபாடாக்க முனைவதும் ஒரு வகைப் பொய்தான். பூங்கா பார்க்கத்தான் இருக்கிறது. மாளிகை அப்படி இல்லை என்பதே நான் சொல்ல வந்தது.

ஆகவே வான் பிடிக்க முன்னம் வீட்டில் ஒரு தரம் பேசிக்கொள்ளுங்கள். பெரகரா இரவுகள் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவோடு மோதும். அந்த நாட்களில் நல்லூரில் இருங்கள், கண்டிக்கு வேறு மாதம் பாருங்கள். மாளிகைக்குப் பூசை நேரம் பார்த்துப் போங்கள், முழங்காலும் தோளும் மறைய உடுங்கள், போனைப் பைக்குள் வையுங்கள். பத்தினி தேவாலயத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே போக மனம் ஒப்பாதவரை வற்புறுத்த வேண்டாம்; அவர் ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.