மலை எங்கே போய்விடப் போகிறது?



போன வாரம் நம் பங்கு இளைஞர்கள் என்னை ஹந்தானை மலைக்குக் கூட்டிப் போனார்கள். அம்பிட்டிய குருமடத்தில் படித்த காலத்தில் நான் ஓடியோடி ஏறிய மலை அது. உயரம் சுமார் 3,800 அடிதான். ஆனாலும் முழங்கால் வலியையும் வேலையையும் சாக்குச் சொல்லியே பல வருடங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டேன்.

தேயிலை அருங்காட்சியகம் வரை கதை பேசிக்கொண்டே நடந்தேன். அதற்கு மேல் மூச்சு வாங்கியது. பிள்ளைகள் முன்னே போய்விட்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கல்லில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ‘இனி நமக்கு இது சரிவராது, திரும்பிவிடலாம்’ என்றது மனம்.

பக்கத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா சாப்பிட உட்கார்ந்தார். நமக்கு மலைக்குப் போவது ஒருநாள் மகிழ்ச்சி. தோட்டத்தில் ‘மலைக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். அவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, சம்பலும் வைத்து நீட்டினார். தண்ணீர்ப் போத்தலையும் தந்தார். “வந்து ரொம்ப வருசமாச்சும்மா, ஏற முடியல” என்றேன். அவர் சிரித்தார். “மலை எங்க போயிறப் போகுது ஐயா? சாப்பிட்டுட்டு மெதுவா ஏறுங்க” என்றார்.

இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியாவும் இப்படித்தான் உட்கார்ந்துவிடுகிறார். சாவே மேல் என்று சூரைச் செடியின் கீழ் படுத்துவிட்டவரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, தட்டி எழுப்புகிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அப்போதும் கோபமில்லை, தூதர் இரண்டாம் முறையும் வருகிறார். அவர் போய்ச் சேர வேண்டிய ஒரேபு மலை காத்திருந்தது.

பிரியமானவர்களே, நீங்கள் பாதியில் விட்டுவந்த மலை எது? ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய் எத்தனை வருடம் ஆயிற்று? பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி வீட்டு வாசலை மிதித்து எவ்வளவு காலம்? ‘இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று கேட்பார்களே’ என்ற வெட்கம்தானே நம்மைத் தடுக்கிறது?

அந்த வெட்கம் வரும்போது, இந்தக் கண்டி மண்ணில் நடந்த புனித யோசப் வாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். 1692இல் இங்கே வந்தவரை ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் அடைத்தார்கள். 1697இல் பெரியம்மை பரவியபோது, பயந்துபோன மக்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். அடிகளாரோ அந்த நோயாளிகளைத் தேடிப் போனார்; உணவு கொடுத்தார்; புண்ணைக் கழுவினார். யார், எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. இரக்கம் முதலில் கணக்குக் கேட்காது. பசிக்கிறதா என்றுதான் கேட்கும்.

அன்று நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன், கடைசி ஆளாக. மானாப் புல்லின் மேல் மூடுபனி விலகியபோது கீழே மகாவலி தெரிந்தது, தூரத்தில் நக்கிள்ஸ் மலைகள் தெரிந்தன. பிள்ளைகள் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்கோ அந்தக் காட்சியைவிட அந்தப் பாதி ரொட்டிதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் அப்பம் பிட்கப்படும். வானிலிருந்து இறங்கி வந்த உயிருள்ள உணவு நானே என்று இன்றைய நற்செய்தியில் சொன்னவர், தம்மையே பிட்டுத் தருகிறார். களைத்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். நெடுநாள் கழித்து வந்தவர்கள் கடைசி வாங்கில் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். திருப்பலிக்குப் பிறகு நான் ஒப்புரவுத் தொட்டியில் இருப்பேன். மெதுவாகவே வாருங்கள். ஆமென்.