மௌனம் சம்மதமாகுமா?

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு மொழி. சம்பந்தம் பேசும் வீட்டிலும் ஊர்க்கூட்டத்திலும் அது எடுத்தாளப்படுவதுண்டு. பேசக்கூடியவர் விடயத்திலேயே இம்மொழி முற்றிலும் பொருந்துவதில்லை. அஞ்சியும், அலுத்தும், பேசிப் பயனில்லை என்று தெளிந்தும் வாய்மூடியிருப்போர் பலர். அங்ஙனமாயின், பேசவே இயலாத ஓர் உயிரின் மௌனத்திற்கு என்ன பொருள் கொள்வது? இது வெறுங் கற்பனை வினா அன்று. பிரித்தானியாவின் குதிரை லாயங்களில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இவ்வினா எழுகின்றது. மயிர் கத்தரிக்கும் பொறியைக் கண்டு மிரளும் குதிரையை என்ன செய்வது என்பதே அங்கு அது கொள்ளும் வடிவமாகும்.

குளிர் நாடுகளில், பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் குதிரையின் உடலில் அடர்ந்த மயிர் வளர்கின்றது. மேய்ச்சல் நிலத்தில் சும்மா நிற்கும் குதிரைக்கு அது இயற்கை தந்த போர்வை. ஆனால் சவாரிக்கும் வேட்டைக்கும் போட்டிக்கும் பயன்படும் குதிரை, அப்போர்வையுடன் ஓடி வியர்க்கின்றது. நனைந்த மயிர் விரைவில் உலராமையாற் குளிரால் நடுங்குகின்றது. ஆகவே கழுத்து, மார்பு, வயிறு ஆகிய பகுதிகளிலோ உடல் முழுவதிலுமோ மயிரைக் கத்தரித்து, அதற்கு ஈடாகத் துணிப்போர்வை அணிவிப்பர். மயிர் மீண்டும் வளர்வதால், ஒரே குளிர்காலத்தில் இதனைப் பலமுறை செய்ய நேரும். இச்செயலால் குதிரைக்கு நன்மை உண்டு என்பது மெய்யே. எனினும் அந்நன்மை தேவைப்படுவதற்குக் காரணம், குளிர்காலத்திலும் அதனிடம் வேலை வாங்க மனிதன் விரும்புவதே என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று.

பொறியைக் கண்டு மிரளும் குதிரையைப் பிடிவாதம் உடையது எனப் பழிப்போர் உளர். குதிரையின் புலன்களை அறிந்தோர் அவ்வாறு கூறார். மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். குதிரையின் செவியோ ஏறத்தாழ 33,000 வரை கேட்கவல்லது. ஓர் ஈ வந்து அமர்ந்தாலும் அதன் தோல் உணர்ந்து சிலிர்க்கும். அத்தகைய தோலின்மீது இரைந்து அதிரும் உலோகம் ஊர்கின்றது. உராய்வினால் அலகு சூடேறவும் செய்கின்றது. ஓடித் தப்புவதையே காப்பாகக் கொண்டு வாழ்ந்த இனத்தில் வந்த விலங்கு, கயிற்றிற் கட்டுண்டு இவற்றைத் தாங்கி நிற்க வேண்டியுள்ளது. அதன் அச்சம் அறியாமையன்று, அதன் இயல்பு.

அஞ்சும் குதிரையை நிறுத்திவைக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, தடியின் நுனியிற் கட்டிய கயிற்று வளையத்தை மேலுதட்டில் மாட்டி முறுக்குவது. இரண்டாவது, மிருக வைத்தியரின் துணையோடு மயக்க மருந்து கொடுப்பது. மூன்றாவது, பொறியின் ஒலிக்கும் தொடுகைக்கும் பல நாட்களாகச் சிறிது சிறிதாகக் குதிரையைப் பழக்குவது.

முதல்வழியின் வரலாறு சிந்தனைக்குரியது. உதட்டை முறுக்கியதும் குதிரை அடங்கி நிற்பது கண்கூடு. 1984ஆம் ஆண்டில் ஒல்லாந்து ஆய்வாளர் சிலர், அந்நிலையிற் குதிரையின் குருதியில் நோவைத் தணிக்கும் என்டோபின் என்னும் பொருள் மிகுவதைக் கண்டறிந்தனர். இம்முறை கொடியதன்று என்பதற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. முதல் ஐந்து நிமிடங்களில் இதயத்துடிப்புத் தணிகின்றது. அதற்கு மேலும் முறுக்கிவைத்தால் துடிப்பு உயர்கின்றது. உதட்டிற்குப் பதிலாகக் காதை முறுக்கினால் தொடக்கம் முதலே உயர்கின்றது. முழு உடலையும் கத்தரிக்க ஐந்து நிமிடங்கள் போதா என்பது யாவரும் அறிந்ததே.

இவற்றினும் முக்கியமானது, பிரித்தானிய ஆய்வாளர் சிலர் 2013இல் வெளியிட்ட முடிபாகும். கத்தரிப்புக்கு இணங்கி நிற்பவை, இணங்காதவை என இருவகைக் குதிரைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மயிரை வெட்டாமல், வெட்டுவதுபோன்ற பாவனையை மட்டும் செய்து அவற்றின் நிலையை அளந்தனர். ஒருவகை துள்ளியது, மறுவகை அசையாது நின்றது. ஆயினும் கண்ணின் வெப்பநிலை, உமிழ்நீரிலுள்ள கோட்டிசோல் என்னும் ஓமோன் ஆகிய அளவுகள் இருவகையிலும் உயர்ந்தன. அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமைதியாக நின்ற குதிரையும் உள்ளூர அஞ்சியே நின்றது. 'நல்ல குதிரை' என்று தட்டிக்கொடுக்கப்பட்டது உண்மையில் முறையிடாத குதிரையே. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கு இவ்விடத்தில் நிலைகுலைகின்றது.

இதனால் மனிதனுக்கு உண்டாகும் கடமை யாது? விலங்கிற்கு இழைக்கும் கொடுமை, மனிதனுக்குக் கொடுமை செய்யும் மனத்தை வளர்க்கும். ஆதலால் அதைத் தவிர்க்க வேண்டும் என்றார் ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற். இக்கூற்றிற் குதிரை ஒரு பொருட்டன்று. அதை அடிப்பவனின் குணமே பொருட்டு. 1789இல் வெளியான தமது நூலில், வளர்ந்த குதிரையைக் கைக்குழந்தையோடு ஒப்பிட்ட பெந்தம், ஓர் உயிருக்குப் பேச்சு உண்டா என்பதைவிட அது துன்புறுமா என்பதே வினா என வாதிட்டார். பெந்தமின் நிலைப்பாடு கான்றினதைவிட ஏற்புடையது. எனினும் அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. துன்பத்தை அளவிட வேண்டுமாயின் முதலில் அதைக் காண வேண்டும். அசையாது நிற்கும் உயிரின் துன்பம் எளிதிற் கண்ணிற் படுவதில்லை.

தடுப்பூசி ஏற்றும்போது அழும் குழந்தையைத் தாய் இறுகப் பிடிக்கின்றாள். அது குற்றமா என்று சிலர் வினவலாம். தக்க வினாவே இது. முதுமையில் கபச் சுரப்பி நோயுற்ற குதிரைகள் சிலவற்றிற்குக் கோடையிலும் மயிர் உதிர்வதில்லை. அவை வெப்பத்தில் வாடாதிருக்கக் கத்தரிப்பு இன்றியமையாதது. அங்கு மருந்து கொடுத்தேனும் அதைச் செய்து முடிப்பது கருணையே. தாயின் பிடியை நியாயமாக்குவது அவளுடைய வலிமையன்று. குழந்தையின் தேவையும் வேறு வழியின்மையுமே. அழகுக்காகச் செய்யும் கத்தரிப்புக்கு இவ்விரண்டும் இல்லை. குதிரையின் முகத்திலுள்ள உணர்மயிர்களைக் கத்தரித்துப் போட்டிக்குக் கொண்டுவருவதைச் சர்வதேசக் குதிரைவிளையாட்டுச் சம்மேளனம் 2021 யூலை முதல் தடைசெய்தது இந்த வேறுபாட்டை ஏற்றதனாலேயே எனலாம்.

எஞ்சுவது மூன்றாம் வழி. ஓடும் பொறியைத் தொலைவில் வைத்துத் தீனி கொடுத்தல், ஓடாத பொறியால் தோளைத் தடவுதல், குதிரை தலை தாழ்த்தி இளகும் கணத்தில் ஒலியை நிறுத்துதல் என அது படிப்படியாக நடைபெறும். அதற்குப் பல வாரங்கள் செல்லலாம். இதுவும் பணிய வைக்கும் ஒரு தந்திரந்தானே என ஐயுறுவதில் தவறில்லை. இரண்டையும் வேறுபடுத்தும் உரைகல் ஒன்றுண்டு. குதிரை விலகினால் பொறி நிறுத்தப்படுகின்றதா? மறுப்பதற்கு இடமுள்ளபோதே இசைவு என்னும் சொல் பொருள் பெறுகின்றது. மறுத்தாலும் காரியம் நடந்தே தீரும் என்றால், வாரக்கணக்கான பொறுமையும் முறுக்கிய கயிற்றின் மென்மையான வடிவமாகவே முடியும்.

இந்நெறியின் விலை சிறிதன்று. கழுத்தில் ஒரு பட்டை மயிர் மட்டும் நீங்கி, எஞ்சிய உடல் அடர்ந்து கிடக்க, பார்ப்போர் நகைக்கும் கோலத்தில் தன் குதிரை சில நாட்கள் நிற்பதை உரியவன் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தத் துணிந்தவனே குதிரையின் விடையைக் கேட்டவனாவான்.